இரண்டெழுத்தும் ஒரு சிவப்புப் பொட்டும்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதையும் முழுசாகச் சொல்ல வராது. ஊர்ப் பெயரே மூன்று இங்கிலீஷ் எழுத்துதான். வெள்ளைக்காரன் காலத்தில் மண்வெட்டியிலிருந்து குப்பைத்தொட்டி வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுத்துகளை அடித்து வைத்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, சுருக்கிச் சொல்வதுதான் நாகரிகம் என்று எங்கள் ஆட்கள் நம்பிவிட்டார்கள். தங்கச் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. வேலை போனது, சம்பளம் போனது, இந்த வியாதி மட்டும் போகவில்லை.

என் அண்ணன் இதில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர். பஜாரில் அவருக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. வாங்கும் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். அண்ணன் கடையில் முழுப் பேர் வெட்ட மாட்டார்கள். "ரெண்டெழுத்து போதும்மா, முழுப் பேரு வெட்னா பாத்திரம் சொறி புடிச்சாப்ல இருக்கும்" என்பார். இதனால் ஒரே தெருவில் ஒரே எழுத்தோடு பல வீட்டு அண்டாக்கள் திரிகின்றன. இரவல் போன குடம் யாருடையது என்று சண்டை வந்தால் அண்ணனிடமே வருவார்கள். அவர் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தீர்ப்புச் சொல்லும் ஜட்ஜ் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். வெட்டியவரும் அவர், குழப்பியவரும் அவர், தீர்ப்பும் அவர்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பூர்வீகம் எங்கள் ஊர்தான், இப்போது ஓசூரில் வீடு. அவருடைய அப்பா சுரங்கக் கம்பெனி ஆபீஸில் இருந்து ரிட்டயரானவர் என்று தரகர் சொல்லியிருந்தார். ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் குளிர்ந்துபோனார். பூமிக்கு மேலே வேலை பார்த்த சம்பந்தி கிடைப்பது எங்கள் ஊரில் பெரிய கௌரவம்.

கல்யாண ஏற்பாட்டுக்காக ஒரு மத்தியானம் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் டி.பி. என்ற இரண்டெழுத்து ஒரே வீட்டில் எத்தனை வேஷம் போடும் என்று பார்த்தேன்.

அண்ணன் போனில் யாரோ அதிகாரியிடம் குழைந்துகொண்டிருந்தார். "டி.பி.யில நாலு ரூமு மட்டும் குடுங்க சார். மாப்ள வூட்டாருங்க மரியாதப்பட்டவங்க." இந்த டி.பி. அரசாங்கத்தின் டிராவலர்ஸ் பங்களா. ஓட்டுக் கூரையும் நீளமான வராண்டாவும் உள்ள இடம். சுரங்கத்தைத் திறக்கிறோம், பாறையை அரைத்துக் கொட்டிய சயனைடு மண்மேட்டைக் கரைத்து மிச்சத் தங்கம் எடுக்கிறோம் என்று வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இறங்குவார்கள். கோழிக்குழம்பு சாப்பிடுவார்கள், மண்மேட்டைப் பார்த்துத் தலையாட்டுவார்கள், சாயந்திரம் காரேறுவார்கள். எங்கள் ஆட்கள் வேஷ்டி மடித்துக்கட்டி கேட்டுக்கு வெளியே நின்று, அவர்கள் கைகாட்டிய திசையைப் பற்றி ஒரு மாதம் பேசுவார்கள். அந்தப் பங்களாவில் நாலு அறை கிடைத்ததும் அண்ணனுக்குத் தன் வம்சமே உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

அவர் போனை வைப்பதற்குள், பி.காம். படித்த அவர் மகன் உள்ளறையிலிருந்து கத்தினான். "ப்பா, டி.பி. டேலி ஆவ மாட்டேங்குது." அது கடைக் கணக்கின் டிரயல் பேலன்ஸாம். எனக்குத் தெரிந்து அந்தக் கடையின் கணக்கு டேலி ஆனதே இல்லை. ஆகாமல் இருப்பதால்தான் அண்ணன் மூன்று மாடி கட்டினார். பையன் அதை இன்னும் புரிந்துகொள்ளவில்லை, பாவம், படித்தவன்.

பிறகு போட்டோகிராபர் வந்தார். கழுத்தில் கேமரா, கையில் ஆல்பம், வாயில் பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். "ட்ரோன் இருக்கு, கேண்டிட் இருக்கு. நீங்க ரெண்டு டி.பி. ஹார்ட் டிஸ்க் மாத்திரம் வாங்கிக் குடுத்துடுங்கண்ணா." கல்யாணப் பெண் குறுக்கிட்டாள். "ரெண்டு பத்தாது, நாலு டி.பி. வாங்குங்கப்பா." இந்த டி.பி. டெராபைட்டாம். ஒரு தாலி கட்டுவதைப் பத்திரப்படுத்த இத்தனை இடம் வேண்டுமா என்று கேட்டேன். "அத்தை, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சிரித்தாள். நல்ல பெண்தான். அவளும் இந்த ஊர்க்காரி, அவ்வளவுதான்.

எல்லோரும் போன பிறகு அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதுவரை ஊருக்கே கேட்கும்படி டி.பி., டி.பி. என்று கூவியவர், இப்போது குரலைத் தொண்டைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ம்மா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. மாப்ள கல்யாண மண்டபத்துக்கு வேணாம். அவருக்கு அந்த டி.பி. கீதுல்ல. நாலு பேரு முன்னால இருமினா, பொண்ணு வூட்டுல வியாதின்னு ஆயிடும். மறுவீட்டுக்கு வரட்டும், ஊரு கூட்டம் இருக்காது. மண்டபத்துக்கு நீ மட்டும் வா."

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது என் வீட்டுக்காரரை.

அவரும் எங்கள் ஜாதி ஜனம்தான், கடைக்காரக் குடும்பம்தான். அவருடைய அப்பாவின் ஜவுளிக்கடை நொடித்துப் போனதால், வேறு வழியில்லாமல் நந்திதுர்க் பக்கம் சுரங்கத்தில் சேர்ந்தார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, பாறையில் மெஷின் பிடித்துத் துளை போடுகிற வேலை. சுரங்கம் மூடும் வரைக்கும் அதைத்தான் செய்தார். அண்ணன் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசும்போது "எறங்கினவரு" என்பார். சறுக்கி விழுந்தவரைச் சொல்கிற தொனியில்தான் அதைச் சொல்வார்.

இருமல் வந்தபோது முதலில் பார்த்த இடத்தில் டி.பி. என்று சீட்டில் எழுதினார்கள். மாத்திரைகளை ஒன்று விடாமல் சாப்பிட்டார். இருமல் நிற்கவில்லை. மறுபடியும் அதே மாத்திரை. சளியைப் பரிசோதிக்கும் போதெல்லாம் ஒன்றுமில்லை என்றே வந்தது. கடைசியில் பெங்களூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷம் கல் உடைத்தீர்கள்?" என்று கேட்டார். கல் தூசு நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, யாருக்கும் ஒட்டாது, ஆனால் இவரை விட்டும் போகாது என்றார். சிலிகோசிஸ் என்று அதற்கு ஒரு பெயரும் சொன்னார்.

திரும்பி வந்து அண்ணனிடம் இதை விளக்கினேன். அண்ணியிடம் விளக்கினேன். பஜாரில் கேட்டவர்களிடமெல்லாம் விளக்கினேன். அந்தப் பெயர் நீளமாக இருந்தது. எங்கள் ஊரில் நீளமான உண்மைக்கு மரியாதை கிடையாது. "இன்னா பேரா இருந்தா இன்னா, இருமல் இருமல்தானே" என்றார் அண்ணன். டி.பி. என்பதே அவருக்கு நிலைத்துவிட்டது.

இந்த இரண்டெழுத்தையும் இன்னும் சுருக்கியவள் என் அண்ணி. அவர்கள் வீட்டில் என் வீட்டுக்காரருக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. அதன் அடியில் நகப் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள். மற்ற டம்ளரோடு கலந்துவிடக் கூடாதாம். டம்ளர் கடலில் முங்கி எழுகிற பாத்திரக் கடைக்காரர் வீட்டில், ஒருத்தருக்கு மட்டும் அடையாளம் போட்ட டம்ளர். எங்கள் வீடுகளில் வாய் வைத்துக் குடிக்க மாட்டோம், அண்ணாந்துதான் குடிப்போம். அவர் காபியை அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும்போது, எதிரே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் அந்தச் சிவப்புப் பொட்டு தெரியும். வாயே படாத டம்ளரில் எந்த நோய் ஒட்டும் என்று யோசிக்கிற அளவுக்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் மூளை இல்லை.

அவருக்கும் அது தெரியும். ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்டதில்லை. காபியைக் குடித்துவிட்டு, பொட்டு தெரியாதபடி டம்ளரை நேராக நிமிர்த்தி, மெதுவாகக் கீழே வைப்பார். 

அண்ணன் சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. வெல்ல மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் ஒரு கட்டி வெல்லத்தை வாயில் போட்டால் தொண்டைத் தூசு இறங்கிவிடும் என்பது சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் நம்பிக்கை. ஷிஃப்டே இல்லாமல் போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் கிழவர்கள் வந்து ஒரு கட்டி வாங்கி, கடை வாசலிலேயே கடித்துவிட்டுப் போவார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய்.

"நீ போய்ட்டு வா" என்றார். "நான் வந்து இன்னா செய்யப் போறேன்."

"அந்தப் பொண்ணு உங்க தோள்லதானே ஸ்கூலுக்குப் போச்சு" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்றேன். அதுக்கு என்னால ஒரு குறை வர வேணாம்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வெட்கப்பட்டார். பாறையைக் குடைந்து ஊருக்கெல்லாம் சோறு போட்ட மனுஷன், டம்ளருக்குப் பொட்டு வைத்தவர்கள் முன்னால் வெட்கப்பட்டார். அந்தப் பெண்ணின் தலையில் ஒரு பிடி அட்சதை போட வேண்டும், அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான். அதைக்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டார் பங்களாவில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அத்தை என்ற முறையில் காபி பிளாஸ்க்கும் டிபனும் எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். அண்ணிக்கு முகத்துக்கு ஏதோ பூசிக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டியிருந்தது.

வராண்டாவில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவை மட்டும் காணவில்லை. முழங்கால் வலி, படுத்திருக்கிறார் என்றார்கள். நிச்சயதார்த்தத்துக்கும் அவர் வரவில்லை, அப்போதும் முழங்கால்தான். நான் பின்பக்கம் கைகழுவப் போனேன். கடைசி அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

அந்த இருமலை எனக்குத் தெரியும். சளி இல்லாத, வறண்ட, முடிக்கத் தெரியாத இருமல். வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு, வெளியே கேட்காமல் இரும முயற்சி செய்கிற இருமல். என் பக்கத்தில் தினமும் படுத்திருப்பது அதுதான்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். ஜன்னலெல்லாம் சாத்திய அறையில் கட்டிலின் ஓரத்தில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். ஸ்டூலின் மேல் பேப்பரில் மடித்த வெல்லக்கட்டி. பக்கத்தில் ஒரு டம்ளர், அதன் விளிம்புக்குக் கீழே நூல் கட்டியிருந்தது. ஓசூர்க்காரர்களுக்கு நகப் பாலிஷ் கிடைக்கவில்லை போலிருக்கிறது, நூலால் சுருக்கியிருந்தார்கள்.

"எந்த ஷாஃப்ட்ல எறங்கினீங்க?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய சம்சாரம் ஓடிவந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டோம். டி.பி.ன்னு பேரு வந்துட்டா பையன் வாழ்க்கை போயிடும். நாளைக்கு இவர வெளிய கூட்டிக்கினு வர மாட்டேன், ரூமுலயே இருப்பாரு."

"சொந்தப் பையன் கல்யாணத்துக்கா?"

அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரே பள்ளத்தில் இறங்கி ஒரே தூசியைத் தின்ற இரண்டு மனுஷர்களை, இரண்டு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று பயந்து ஒளித்து வைத்திருக்கின்றன. உலகத்தில் வேறெந்த ஊர்க்காரனாவது இப்படி ஒரு முட்டாள்தனம் செய்வானா என்று தெரியவில்லை.

"நாளைக்கு அவர முன்வரிசையில உக்கார வைங்க" என்றேன். "பக்கத்துல எங்க வூட்டுக்காரரு உக்காருவாரு. ரெண்டு பேரும் சேந்து இருமட்டும். யாரு இருமறதுன்னே தெரியாது."

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரருக்கு வெள்ளைச் சட்டையும் வேஷ்டியும் எடுத்துக் கொடுத்தேன். அவர் தயங்கினார். "சம்பந்தி உங்களைப் பார்க்கணுங்கறாரு, அவரும் எறங்கினவருதான்" என்றேன். உடனே செருப்பைத் தேடினார்.

மண்டப வாசலில் அவரைப் பார்த்ததும் அண்ணன் கண்ணாலேயே என்னைச் சுட்டார். நான் நிற்கவில்லை. முன்வரிசையில் சம்பந்திக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் இருவரும் எந்த லெவல், எந்த மேஸ்திரி, எந்த வருஷத்துப் பாறை வெடிப்பு என்று ஆரம்பித்துவிட்டார்கள். கெட்டிமேளம் கொட்டும்போது அட்சதை போட இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். என் வீட்டுக்காரர் அட்சதை போட்டார். பெண் நிமிர்ந்து பார்த்து, "மாமா" என்றாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பிறகு சம்பந்திக்கு இருமல் வந்தது. ஹோமப் புகை. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். அண்ணன் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி இருமுகிற விதத்தையும் என் வீட்டுக்காரர் இருமுகிற விதத்தையும் பார்த்தார். பாத்திரத்தைத் தட்டியே தரம் சொல்கிறவர். அவருக்குப் புரியாமல் இருக்காது. புரிந்தது என்று அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. இனி என்ன செய்வார் என்று காத்திருந்தேன்.

அண்ணன் ஓடினார். சீர்வரிசைத் தட்டிலிருந்த வெள்ளி டம்ளரை எடுத்து, அதில் வெந்நீர் ஊற்றி, இரண்டு கையாலும் சம்பந்தியிடம் நீட்டினார். "புகை ஒத்துக்கலையா சம்பந்தி? நம்ம ஊரு தூசியே அப்டித்தான். மெதுவா குடிங்க." குரலைத் தாழ்த்தி அதைச் சொல்லிக்கொண்டே சம்பந்தியின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அதே நேரத்தில் அண்ணி தன் கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து பொட்டு வைத்த டம்ளரை எடுத்தாள். என் வீட்டுக்காரர் மீறி வந்துவிட்டால் என்ன செய்வது என்று முன்யோசனையோடு, அதை வீட்டிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். அதில் தண்ணீர் பிடித்து அவரிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். ஒன்று வெள்ளி. ஒன்றின் அடியில் சிவப்பு.

அன்றைக்கு என் அண்ணன் குடும்பத்தின் மேல் எனக்கிருந்த கடைசி மரியாதையும் கழன்று விழுந்தது. அறியாமை என்று அதுவரை மன்னித்திருந்தேன். அறியாமையே இல்லை. யாருக்கு ஒட்டும், யாருக்கு ஒட்டாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்து. காலையில் பெண் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். சமையலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் இருந்துவிட்டேன். சமையற்காரம்மா பின்கட்டில் இருந்தார். அண்ணியின் அறையில் கண்ணாடி முன்னால் அந்த நகப் பாலிஷ் பாட்டில் இருந்தது. அதே சிவப்பு.

அலமாரியில் இருந்த டம்ளர்களை எல்லாம் கூடத்தில் எடுத்து அடுக்கினேன். எவர்சில்வர், பித்தளை, சீராக வந்த வெள்ளி, அண்ணன் தினமும் காபி குடிக்கும் பெரிய டம்ளர், அண்ணி ஒருவருக்கும் தராமல் வைத்திருக்கும் பூப்போட்ட டம்ளர். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் ஒரு பொட்டு வைத்தேன். அவசரப்படவில்லை.  காய்ந்ததும் திருப்பி அடுக்கினேன். பிறகு என் வீட்டுக்காரரின் டம்ளரை எடுத்து, பழைய பொட்டை பிளேடால் சுத்தமாகச் சுரண்டி எடுத்தேன்.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஜமக்காளம் விரித்து எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் அண்ணன், அண்ணி, அவர்கள் மகன். எதிர்ப்பக்கம் சம்பந்தி, அவர் சம்சாரம், என் வீட்டுக்காரர். நானே காபி ஊற்றிக் கொடுத்தேன். அண்ணி என் வீட்டுக்காரரின் டம்ளரைத் தேடினாள். "நான் குடுத்துட்டேன் அண்ணி, நீங்க குடிங்க" என்றேன்.

அண்ணன் மகிழ்ச்சியாக இருந்தார். சம்பந்தியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, தலையை அண்ணாந்து டம்ளரை உயர்த்தினார். சிவப்புப் பொட்டு பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் அண்ணி உயர்த்தினாள், அவளுக்கும் பொட்டு. மகன் உயர்த்தினான், அவனுக்கும்.

முதலில் பார்த்தவர் என் வீட்டுக்காரர். தன் டம்ளரை உயர்த்தி, அடியை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரித்தால் இருமல் வரும் என்பதால் அவர் சிரிப்பதையே விட்டிருந்தார். அன்றைக்குச் சிரித்தார். இருமல் வந்தது, சம்பந்தி அவர் முதுகைத் தட்டினார், இருமிக்கொண்டே மறுபடியும் சிரித்தார். சம்பந்தியம்மாள் எதிரே இருந்த டம்ளர்களைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"இன்னாம்மா ஆச்சு?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணா, குடிங்க" என்றேன்.

அண்ணி மட்டும் தன் டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தாள். அண்ணனுடையதைப் பிடுங்கிப் பார்த்தாள். சமையலறைக்குள் ஓடினாள். உள்ளே டம்ளர்கள் ஒவ்வொன்றாக உருளும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் கண் என் வீட்டுக்காரரின் கையிலிருந்த டம்ளருக்குப் போனது. அந்த வீட்டில் பொட்டில்லாத டம்ளர் அது ஒன்றுதான். அவர் காபியை முடித்துவிட்டு, அதை நிமிர்த்தி வைக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி கவிழ்த்து வைத்தார்.